நான் கும்பிட்டது யாரை?

புரட்டாசி பிறந்த சில நாட்களில், ஒரு மதிய வேளை. அலுவலகத் தொலைபேசி ஒலித்தது. எடுத்தால், சென்னை நங்கநல்லூரிலிருந்து ஒரு வாசகி. குரலில் பதற்றம்.

''ஏம்மா, யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியல. அதான் உங்க ஆபீசுக்கே போன் போட்டேன். நான் பாவம் பண்ணிட்டேனா?''

நிதானமாகச் சொல்லுங்கள் என்றேன். சொன்னார்.

குடும்பத்தோடு மூணாறு போயிருக்கிறார்கள். உடுமலைப்பேட்டை வழியாகப் பயணம். வழியில் மறையூர். அங்கே பாம்பாற்றின் கரையில் கோவில்கடவு தென்காசிநாதரைத் தரிசனம் செய்துவிட்டு, பக்கத்துப் பாறை மேல் 'முனியறை' இருப்பதாகக் கேள்விப்பட்டு ஏறியிருக்கிறார்கள். 'முனிவர்கள் தவம் செய்த அறை; பஞ்ச பாண்டவர்கள் வனவாசத்தில் தங்கிய இடம்' என்று யாரோ சொல்ல, இவருக்கு மெய்சிலிர்த்துவிட்டது. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். கைப்பையில் இருந்த கற்பூரத்தை ஏற்றினார். வாசல் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஊருக்குத் திரும்பியதும், கல்லூரியில் படிக்கும் மகன் செல்போனில் எதையோ தேடிப் படித்துவிட்டு, ''அம்மா, நீ கும்பிட்டது முனிவர் அறை இல்ல... செத்தவங்களுக்குக் கட்டின கல்லறை'' என்று சிரித்திருக்கிறான்.

அவ்வளவுதான். ராத்திரி பத்து மணிக்குத் தலைக்குக் குளித்தாராம். பூஜையறைக்குள் போகக் கால் தயங்குகிறதாம். ''தீட்டு ஒரு பக்கம் இருக்கட்டும்மா. நான் அப்ப கும்பிட்டது யாரை? நான் மனசார கும்பிட்டது எங்க போய்ச் சேர்ந்தது?''

இந்தக் கேள்விக்கு நான் அன்று போனில் சொன்ன பதில் அரைகுறையானது. அதைக் கொஞ்சம் விரிவாக உங்களோடு பேச வேண்டும் என்று தோன்றியது. ஏனென்றால், நீங்களும் இப்படி ஏதோ ஒரு கல்லின் முன்னால் கைகூப்பியிருப்பீர்கள்.

அந்த முனியறைகளை நானும் பார்த்திருக்கிறேன், சில வருடங்களுக்கு முன்பு. அகலமான மொட்டைப் பாறை. கீழே ஆறு. அந்த ஆற்று நீர்தான் கிழக்கே இறங்கி வந்து நம் அமராவதி ஆகிறது. பாறையின் மேல், சீட்டுக்கட்டில் வீடு கட்டுவோமே, அதுபோல நாலு பக்கமும் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு பெரிய பலகைக் கல்லைக் கூரையாகப் போட்டிருக்கிறார்கள். சுண்ணாம்பு இல்லை, காரை இல்லை. உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. குனிந்து நுழைந்து உட்காரலாம். ஒன்றிரண்டு அல்ல, பல இருக்கின்றன. சில முழுசாக, சில கூரை சரிந்து, பக்கக் கல் உடைந்து. நானும் அங்கே செருப்பைக் கழற்றினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தொல்லியல் துறையினர் இதைக் 'கல்திட்டை' என்கிறார்கள். மண்ணுக்குள் புதைந்த மாதிரி இருந்தால் 'கல்பதுக்கை'. சுற்றிலும் உருண்டைக் கற்களை வட்டமாக அடுக்கியிருந்தால் 'கல்வட்டம்'. இரும்புக் காலத்து மக்கள் தங்களில் இறந்தவர்களுக்காக எழுப்பியவை. தென்னிந்தியாவில் பெரும்பாலானவை இரண்டாயிரம் முதல் மூவாயிரம் ஆண்டு வயதுடையவை. கிருஷ்ணகிரி மாவட்டம் மல்லசந்திரத்தில் ஒரு குன்று முழுக்க இருக்கின்றன. அங்கே சிலவற்றின் முன்பக்கக் கல்லில் வட்டமாக ஒரு துளை போட்டிருப்பார்கள். உடலைப் பெரும்பாலும் முதலில் வேறிடத்தில் வைத்துவிட்டு, பிறகு எலும்புகளை எடுத்து வந்து இங்கே சேர்ப்பது வழக்கம். கூடவே கறுப்பும் சிவப்புமான மண்கலங்கள், இரும்புக் கருவிகள், பாசிமணிகள். அந்தத் துளை வழியாகப் பின்னாளிலும் எதையாவது படைத்திருக்கலாம் என்று கருதுகிறார்கள்.

தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில், ஒரு முதுமக்கள் தாழிக்குள் நெல் கிடைத்தது. ஆய்வகத்தில் சோதித்ததில் அதன் காலம் கி.மு. 1155 என்று 2021-ல் அறிவித்தார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு என் பாட்டிக்கு வாய்க்கரிசி போட்ட நாள் ஞாபகம் வந்தது. இரண்டும் ஒரே சடங்கு என்று நான் சொல்ல வரவில்லை. இறந்தவர் பசியோடு போகக்கூடாது என்று அன்றைக்கும் ஒருத்தி நினைத்திருப்பாள் என்று மட்டும் தோன்றியது.

சரி, பாண்டவர்கள் எப்படி இங்கே வந்தார்கள்?

தமிழகம், கேரளம், கர்நாடகம் என்று தென்னாடு முழுக்க இந்தக் கற்களுக்குப் பாண்டவர் பெயர் உண்டு. 1823-ல் பாபிங்டன் என்ற ஆங்கிலேயர் மலபாரில் பார்த்ததைப் பற்றி எழுதியபோது 'பாண்டு குழி' என்று ஊரார் சொன்ன பெயரையே வைத்தார். சில ஊர்களில் 'குள்ளர் வீடு' என்பார்கள். உள்ளே நிமிர முடியாத உயரமல்லவா... ஒரு முழ உயரத்தில் மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்று கதை. மறையூருக்கு 'பாண்டவர்கள் மறைந்து வாழ்ந்த ஊர்' என்றே பெயர்க்காரணம் சொல்கிறார்கள்.

எனக்கு இந்தக் கதைகள் பிடிக்கும். ஊரில் ஒரு பழைய கல் நிற்கிறது. யார் வைத்தது என்று தாத்தாவின் தாத்தாவுக்கும் தெரியாது. தெரியாதவர்களுக்குத் தனக்குத் தெரிந்த உயர்ந்த பெயரைச் சூட்டுகிறாள் ஒரு கிராமத்துப் பாட்டி. 'பீமன் தூக்கி வைத்த கல்லுடா, கடப்பாரையைக் கொண்டு போகாதே' என்று பேரனை மிரட்டுகிறாள். அந்த மிரட்டலில் பிழைத்த கற்கள் எத்தனையோ! மிரட்ட ஆள் இல்லாத ஊர்களில் புதையல் ஆசையில் தோண்டினார்கள். ஜல்லிக்கு உடைத்தார்கள். கல்திட்டையின் கூரைப் பலகை வாய்க்கால் பாலமாகக் கிடக்கும்.

இனி வாசகியின் பயத்துக்கு வருவோம். இறந்தவர்களின் இடத்தில் கைகூப்பியது தவறா?

பட்டீஸ்வரம் போகிறவர்கள் துர்க்கையம்மனைத் தரிசித்துவிட்டு அப்படியே திரும்பிவிடுவது வழக்கம். அடுத்த முறை போனால், அருகிலேயே உள்ள பஞ்சவன் மாதேவீஸ்வரம் பாருங்கள். ராஜராஜ சோழனின் தேவியரில் ஒருவர் பஞ்சவன் மாதேவி. ராஜேந்திர சோழனைப் பெற்றவர் அல்ல, சிற்றன்னை. அவர் மறைந்தபோது ராஜேந்திரன் அவருக்காக எழுப்பிய பள்ளிப்படைக் கோயில் அது. கருவறையில் சிவலிங்கம் இருக்கிறது. அங்கே போய் வந்து யாரும் தீட்டு என்று தலைக்குக் குளிப்பதில்லை. வேலூர் பக்கம் மேல்பாடியில், பாட்டனார் அரிஞ்சயனுக்கு ராஜராஜன் எடுத்த கோயிலும் பள்ளிப்படைதான். மந்திராலயத்தில் வரிசையில் நின்று நாம் வணங்குவது ராகவேந்திரரின் பிருந்தாவனத்தை. சித்தர்களின் ஜீவசமாதிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அதெல்லாம் ராஜாக்கள், மகான்கள் என்பீர்கள். சாதாரண மனுஷிக்கும் கல் வைத்த ஊர் இது. பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் பார்த்திருக்கிறீர்களா? இரண்டு கல்லை நிறுத்தி, மேலே ஒன்றைக் குறுக்கே வைத்திருப்பார்கள். கர்ப்பிணியாக இறந்துபோன பெண்ணுக்காக வைப்பது. சுமையை இறக்காமலே போனாளே, அவள் பெயரால் வழிப்போக்கர்கள் தலைச்சுமையை இறக்கி வைக்கட்டும் என்று. முதன்முதலில் மறையூரில் அந்தக் கற்களைப் பார்த்தபோது, எனக்கு எங்கள் ஊர்ச் சுமைதாங்கிதான் நினைவுக்கு வந்தது. அதே இரண்டு கால், ஒரு கூரை.

தீட்டு விஷயத்தில் சாஸ்திரம் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால், மூவாயிரம் வருடத்துக்கு முன் போனவர்களுக்காகத் தீட்டுப் பார்த்தால், இந்த மண்ணில் எந்த இடத்தில் கால் வைப்பது? காவிரிக் கரையிலா, தாமிரபரணிக் கரையிலா? ஆதிச்சநல்லூரில் ஒரு மேடு முழுக்கத் தாழிகள். 1899-ல் தொடங்கி அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது பொன் நெற்றிப் பட்டங்களும் இரும்பு வேல்களும் வெண்கலப் பொருட்களுமாக வெளியே வந்தன. திருச்செந்தூர் போகிற பஸ்கள் அந்த வழியாகத்தான் போகின்றன.

மகாளய பட்சத்தில் வீட்டில் தர்ப்பணம் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று மூன்று தலைமுறைக்குப் பெயர் சொல்லி எள்ளும் தண்ணீரும் விடுவார்கள். அதோடு முடிவதில்லை. காருணிக பித்ருக்கள் என்று மாமா, அத்தை, சிநேகிதர்கள் வரை வருவார்கள். கடைசியில், தாயும் தகப்பனும் இல்லாத, உறவு இல்லாத, கோத்திரம் தெரியாத எல்லாருக்குமாக ஒரு கை நீர். பாறை மேல் கிடக்கிற அந்தப் பெயரில்லாதவர்களுக்கு நம் சடங்கிலேயே ஓர் இடம் இருக்கிறது. எனவே அம்மா, நீங்கள் கும்பிட்டது வீண்போகவில்லை என்றேன்.

அவர் கொஞ்சம் சமாதானமானார். ஆனால், பேச்சு அங்கே முடியவில்லை. ''என் பையனோட ஃப்ரெண்டு ஒருத்தன் வந்திருந்தான். அவன் சொல்றான், கல்லறையும் இல்ல, முனிவரும் இல்ல, வேற கிரகத்துலேருந்து வந்தவங்க கட்டினதாம். அந்தக் காலத்துல மனுஷனால இவ்ளோ பெரிய கல்லைத் தூக்கியிருக்க முடியாதாம்மே?''

பையன்களைக் குறை சொல்ல மாட்டேன். எரிக் வான் டேனிக்கன் என்ற சுவிஸ் எழுத்தாளர் 1968-ல் இந்த வேற்றுக்கிரகக் கதையைப் புத்தகமாகப் போட்டார். உலகமெங்கும் விற்றது. பிறகு டி.வி., யூடியூப் என்று அது வளர்ந்துகொண்டே போகிறது. அதற்கு எண்ணூறு வருடம் முன்பே இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்தை மெர்லின் என்ற மந்திரவாதி கொண்டுவந்ததாக அங்கே எழுதி வைத்திருந்தார்கள். கல் பெரிதாக இருந்தால் எல்லா ஊரிலும் ஒரு பூதம் வரும்!

முடியுமா, முடியாதா என்று கொஞ்சம் கணக்குப் போடுவோம். பத்தடி நீளம், ஆறடி அகலம், அரையடி கனம் உள்ள ஒரு கருங்கல் பலகை இரண்டு டன்னுக்குச் சற்று மேலே வரும். பாறையின் மேல்பகுதி வெயிலிலும் மழையிலும் ஏடு ஏடாகத் தானே விலகும். அதில் நெருப்பு மூட்டிச் சூடாக்கித் தண்ணீரை ஊற்றிப் பிளப்பது மிகப் பழைய முறை. பிளந்த பலகையை நெம்பி, உருளைகள் மேல் ஏற்றி, வடம் கட்டி இழுத்து, மண்ணைச் சரிவாகக் கொட்டி அதன்மேல் ஏற்றினால் கூரை ஆகிவிடும். நாகாலாந்தின் அங்காமி நாகர்கள், 20-ம் நூற்றாண்டிலும் பெரிய பெரிய கற்களை மரச்சட்டத்தில் கட்டி, ஊரே கூடி இழுத்து வந்து நிறுத்தியிருக்கிறார்கள். இந்தோனேசியாவின் சும்பா தீவில் இறந்தவர்களுக்குக் கல்லறைக் கல் இழுக்கும் வழக்கம் நம் காலம் வரை இருக்கிறது. இழுக்க வந்தவர்களுக்கு விருந்தும் உண்டு. ஏன் அவ்வளவு தூரம்? திருவாரூர் ஆழித்தேர் எப்படி நகர்ந்தது? இப்போது பின்னால் இயந்திரம் தள்ளுகிறது என்பது வேறு விஷயம். அது வருவதற்கு முன்பும் தேர் ஓடியது.

'இவர்களால் முடிந்திருக்காது' என்ற பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு, ஆப்பிரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஜிம்பாப்வே நாட்டில், சாந்து இல்லாமல் கல்மேல் கல் அடுக்கிக் கட்டிய ஒரு பெரிய பழைய நகரம் இருக்கிறது. பெயர் 'கிரேட் ஜிம்பாப்வே'. 1871-ல் அங்கே போன கார்ல் மவுக் என்ற ஜெர்மானியர், வாசலில் இருந்த மரத்துண்டை முகர்ந்து பார்த்தார். தன் பென்சில் கட்டையின் வாசனை மாதிரி இருந்ததாம். அப்படியானால் இது தேவதாரு, தேவதாரு லெபனானிலிருந்து வந்திருக்கும், அப்படியானால் இதைக் கட்டியது பைபிளில் வரும் ஷீபா ராணி என்று முடிவு கட்டிவிட்டார்! சுற்றிலும் அந்த மண்ணின் மக்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். 'உங்கள் முன்னோர்தானா?' என்ற கேள்வியே அவருக்கு எழவில்லை. 1905-ல் மெக்கைவர் என்ற ஆய்வாளரும், 1929-ல் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சன் என்ற பெண் ஆய்வாளரும் தோண்டிப் பார்த்து, 'இது ஆப்பிரிக்கர் கட்டியதுதான்' என்று அடித்துச் சொன்னார்கள். ஆனாலும், வெள்ளையர் ஆட்சி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இந்த மண்ணின் மக்களால் இது ஆகாது என்றால்தானே இந்த மண்ணை நாம் ஆளலாம்? 1980-ல் விடுதலை பெற்றதும், அந்த மக்கள் தங்கள் நாட்டுக்கே அந்தக் கல்நகரத்தின் பெயரை வைத்துக்கொண்டார்கள்.

நமக்கும் இது புதிதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றி வாட்ஸ்-அப்பில் என்னவெல்லாம் வருகிறது! நிழல் தரையில் விழாது என்கிறார்கள். விழுகிறது; நானே அந்த நிழலில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டிருக்கிறேன். 'எந்தச் சக்தி இதைக் கட்டியதோ' என்று வியக்கிறார்கள். கட்டியவரின் பெயர் கோயிலிலேயே வெட்டியிருக்கிறது: குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன். தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர் எந்தத் தெருவில், எந்த வீட்டில் இருந்தார்கள் என்பது வரை கல்லில் எழுதச் செய்தார் ராஜராஜன். பெயர்களை அவ்வளவு கவனமாகக் காப்பாற்றியவர் கோயிலிலேயே நின்றுகொண்டு நாம் 'யாரோ, எவரோ' என்கிறோம்.

கோயம்புத்தூர்ப் பக்கம் வாக்கப்பட்ட என் சித்தி ஒருத்தி அடிக்கடி சொல்வாள். அவள் வைக்கும் ரசத்தை உறிஞ்சிக் குடித்துவிட்டு எல்லாரும், 'என்ன இருந்தாலும் சிறுவாணித் தண்ணி ருசியே தனி' என்பார்களாம். உங்களுக்குச் சிரிப்பு வருகிறதா? அவளுக்கு வராது.

அப்படியானால், பீமன் வைத்த கல் என்ற பாட்டியும், வேற்றுக்கிரகம் என்ற பையனும் ஒன்றா என்று கேட்கலாம். என் மனசுக்கு ஒன்றாகப் படவில்லை. பாட்டி அந்தக் கல்லுக்குத் தன் வீட்டுப் பெரியவர்களின் பெயரைக் கொடுத்தாள். அவளுக்குப் பாண்டவர்கள் உறவு மாதிரி. மற்றவன் கல்லைப் புகழ்ந்துகொண்டே அதை இழுத்தவனின் தோளை இல்லை என்கிறான்.

ஆனால், பாட்டியின் கதையிலும் ஒரு நஷ்டம் உண்டு என்பதை மறைக்கக்கூடாது. மாமல்லபுரம் போயிருப்பீர்கள். ஐந்து ரதங்களுக்கும் பாண்டவர் பெயர்தான். 7-ம் நூற்றாண்டில் பல்லவர்கள் செதுக்கியவை. பாண்டவர்களுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அதில் கூரை வேய்ந்த குடிசை மாதிரி இருப்பது 'திரௌபதி ரதம்'. உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? பின்சுவரில் நிற்பது திரௌபதி அல்ல. துர்க்கை! அவள் காலடியில் ஒரு வீரன் தன் தலையையே அரிந்து கொடுக்கத் தயாராக மண்டியிட்டிருக்கிறான். திரௌபதி பெயரைக் கேட்டுவிட்டு, வாசலில் அம்பாளுக்கு முதுகைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டு வருகிறோம். நானும் இரண்டு முறை அப்படித்தான் வந்தேன். மூன்றாம் முறைதான் தலையைக் குனிந்து உள்ளே பார்த்தேன். அன்பாக வைத்த பெயர்கூட, உள்ளே இருப்பவளை மறைத்துவிடுகிறது.

அதனால் அந்தக் கல்லூரிப் பையன் சொன்னதில் எனக்குக் கோபமில்லை. அம்மாவைப் பார்த்துச் சிரித்ததுதான் சங்கடம். கல்லறை என்று அவன் சொன்னது உண்மை. அதைக் கேட்டதும் அங்கே சாந்நித்தியம் போய்விட்டதாக இவர் நினைத்தாரே, அந்த இடத்தில்தான் நான் மாறுபடுகிறேன். பீமனுக்கு அந்தக் கல் ஒரு விரல் சுண்டல். ஒரு சாதாரண ஊருக்கு அது எத்தனை நாள் வேலை! உழவை விட்டு, ஆடு மாட்டை விட்டு வந்து, பாறையைப் பிளந்து இழுத்திருக்கிறார்கள். போனவர் திரும்பி வரப்போவதில்லை என்று தெரிந்தே இழுத்திருக்கிறார்கள். அவர்கள் குடியிருந்த வீடுகளின் சுவடு அந்தப் பாறையில் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. தங்களுக்கு மண்ணும் ஓலையும் போதும், இறந்தவருக்குக் கல் வேண்டும் என்றிருந்தார்கள் போலும்.

கடைசியாக, அந்த வாசகியிடம் புறநானூற்றின் 256-ம் பாடலைப் பற்றிச் சொன்னேன். கல்லூரியில் தமிழ் படித்தபோது எனக்குப் பாடமாக வந்தது. கணவனை இழந்த ஒருத்தி, தாழி செய்யும் குயவரிடம் போய் நிற்கிறாள். வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலில் ஒட்டிக்கொண்ட சின்ன வெள்ளைப் பல்லி, வண்டி போகும் இடமெல்லாம் கூடவே போகுமே, அதுபோல அவனோடு எத்தனையோ வழி வந்தவள் நான். எனக்கும் இடம் இருக்கும்படி அந்தத் தாழியைக் கொஞ்சம் அகலமாகச் செய்து கொடுங்கள் என்று கேட்கிறாள். பாடிய புலவரின் பெயர் தெரியவில்லை. அவள் பெயரும் தெரியாது.

போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கேட்டார், ''மறுபடி அங்க போனா, கற்பூரம் ஏத்தலாமாம்மா?''

கற்பூரம் வேண்டாம்மா, கரி படிந்து கல் பாழாகும். ஒரு பூ வைத்தால் போதும் என்றேன். 'சரி' என்றவர், போனை வைக்கவில்லை.

''அந்தப் பொண்ணு கேட்ட மாதிரி, அகலமா பண்ணிக் குடுத்தாரா அந்தக் குயவர்?''

''பாட்டில் அது இல்லம்மா'' என்றேன்.